ஸ்டீராய்டு மாத்திரை: சாப்பிடலாமா, நிறுத்தலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்கள்

ஸ்டீராய்டு மாத்திரைகள் பற்றி வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைச் சுற்றி வருகின்றன. ‘இதைச் சாப்பிடலாமா?’ என்பது ஒன்று. ‘இதை நிறுத்தலாமா?’ என்பது இன்னொன்று. உயிருக்கு உடனடி ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தரும் ‘செட்’ மாத்திரையை இரண்டு வருடமாகக் காலையும் இரவும் போட்டுவந்தார். முகம் உப்பியிருப்பதைப் பார்த்த உறவினர் ஒருவர், ‘இது ஸ்டீராய்டு, உடனே நிறுத்து’ என்றார். நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வாந்தி, உடம்பெல்லாம் வலி. மறுபடி கொடுக்கலாமா? – வாசகி, தேனி மாவட்டம்

அச்சில் வரும்வரை காத்திருக்கிற கேள்வி அல்ல இது. ‘இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்’ என்று கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் பதில் சொல்லியாயிற்று. இதே நிலையில் வேறு வீடுகளிலும் அம்மாக்கள் படுத்திருக்கலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். இவை தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் சரியாமல் இருப்பதும், சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை இறங்காமல் இருப்பதும், காய்ச்சலோ அடியோ பட்டால் உடம்பு தாங்கிக்கொள்வதும் இந்தக் கார்ட்டிசாலால்தான். அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை வெளியிலிருந்து தினமும் போனால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ‘போதும்’ என்று கட்டளையை நிறுத்திவிடுகிறது. கட்டளை வராத அட்ரினல் நாளடைவில் சுருங்குகிறது. வழக்கமாக எழுதப்படும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் கணக்கில் தினம் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் மூன்று, நான்கு வாரம் தாண்டினாலே இது நடக்கலாம். அப்போது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே சுரக்க வேண்டியதும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, உடல்வலி, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் அதனால் வருபவை. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

நிறுத்தியதும் வரும் இந்த வலியைப் பலர் பழைய முழங்கால் வலி என்றே நினைத்துக்கொண்டு மறுபடி அதே கடைக்குப் போகிறார்கள். ஒரு செட் உள்ளே போனதும் சில மணி நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள். ‘அந்தக் கடை மாத்திரைதான் எனக்குக் கேட்கும்’ என்ற நம்பிக்கை இப்படித்தான் ஊரெல்லாம் வேர்விட்டிருக்கிறது.

மருத்துவமனையில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால், கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் உடனே ஏறும். பிறகு அளவு தெரிந்த ஒரே ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் கொடுத்து, மாதக்கணக்கில் இறக்குவார்கள். மறுபடி கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் கடை செட்டை அல்ல.

போகும்போது அந்தக் கவரை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒரு சின்னக் காகிதக் கவரில் ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு துண்டுகள் இருக்கும். பெரிய மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணி. இன்னொன்று கேஸ் மாத்திரை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக ஒன்று இருக்கிறதே, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்: டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. கத்தரி பெயரின் நடுவில் ஓடியிருப்பதால் படிக்க முடியாது. அரை மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஒரு மாத்திரையே மூன்று, நான்கு மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் அட்ரினலைத் தூங்கவைக்கத் தேவையான அளவு வந்துவிடுகிறது. அதுவும் இந்த இரண்டு மருந்துகளின் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும்.

சட்டப்படி இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை வைத்தியமே அல்ல. வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் சேர்ந்து போவது இரைப்பைப் புண்ணுக்கும் ரத்தக்கசிவுக்கும் நேர்வழி. மலம் தார்போல் கறுப்பாகப் போனால் அதுவும் அவசரம். லேபிள் இல்லாத ‘மூலிகை’ மூட்டுவலிப் பொடிகளிலும் ஆஸ்துமாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் பத்து வருட வலி பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றா? – வாசகர், சேலம்

இல்லை. அது ஆண் ஹார்மோன் வகை, தசையைக் கூட்டும். இது கார்ட்டிசால் வகை. நாள்பட்டால் தசையைக் கரைக்கும். உடம்பு தேற என்று டெக்சாமெத்தசோன் வாங்கிப் போடும் இளைஞர்களுக்கு ஏறுவது கொழுப்பும் நீரும்தான். கன்னமும் வயிறும் பருக்கும், தொடை மெலியும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: இவ்வளவு கெடுதல் உள்ள மருந்தை டாக்டர்கள் ஏன் எழுதுகிறார்கள்? – வாசகர், தஞ்சாவூர்

இதற்கு மாற்றில்லாத இடங்கள் இருப்பதால். 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் நடந்தார். 1950-ல் ஹெஞ்ச், வேதியியல் ஆய்வாளர்களான கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் அதே காலகட்டத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஸ்டீராய்டு நோயின் வேரை அறுப்பதில்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் வெறிகொண்டு சொந்த உறுப்பையே தாக்கும்போது அதை அடக்குகிறது. ஒரு பக்க முகம் திடீரென்று கோணிப்போகும் முகவாதத்தில் 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்கி 10 நாள் கொடுத்தால் முகம் முழுமையாகத் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. ஒரு வாரம் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பக்கவாதமா, முகவாதமா என்பதையும் அன்றே மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியில் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலிக்கும். அதற்கு 40 முதல் 60 மி.கி. அன்றே தொடங்காவிட்டால் பார்வையே போகலாம்.

கொரோனாவையும் நினைத்துப் பாருங்கள். 2020-ல் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வில் தினம் 6 மி.கி. டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்கள்கூட 2021-ல் இதை வாங்கிப் போட்டார்கள். கட்டுப்படாத சர்க்கரையோடு இப்படிப் போன ஸ்டீராய்டும் சேர்ந்துதான் கறுப்புப் பூஞ்சைக்குக் கதவு திறந்தது.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. மூச்சுத்திணறல் அதிகமானதும் பிரெட்னிசோலோன் 40 மி.கி. ஐந்து நாள் எழுதினார்கள். பயந்து இரண்டு நாளோடு நிறுத்திவிட்டேன். படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டுமா? – வாசகர், கோவை

ஐந்து நாளும் முழுதாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். மூச்சுக்குழாய் உள்சுவரின் வீக்கம் வடிய நாள் பிடிக்கும். இரண்டாம் நாளே மூச்சு லேசானதால் நிறுத்தினால் அதே வாரம் திணறல் திரும்பலாம். திரும்பியிருந்தால் உடனே காட்டுங்கள். பெரியவர்களுக்கு ஆஸ்துமா திணறலில் 40 முதல் 50 மி.கி., 5 முதல் 7 நாள் என்பது வழக்கமான அளவு. அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியதில்லை. ஆறாம் நாள் அப்படியே நிறுத்தலாம். மூன்று வாரத்துக்குள் முடியும் ஒற்றைச் சுற்றில் அட்ரினல் பெரும்பாலும் தூங்கிப்போவதில்லை.

ஆனால் வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை இந்த ஐந்து நாள் சுற்று தேவைப்படுகிறது என்றால் உங்கள் அன்றாட வைத்தியம் போதவில்லை. தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பற்றிக் கேளுங்கள். இன்ஹேலர் அளவு மைக்ரோகிராமில், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பேசப்படுவது. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இழுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் பூஞ்சை வரும் வாய்ப்பும் குறையும். இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரையில் ஒதுங்குவது வெயிலுக்குப் பயந்து நெருப்பில் ஒதுங்குவதுபோல.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது, 15 கிலோ. நெப்ராடிக் சிண்ட்ரோம் என்று தினம் 30 மி.கி. ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். இத்தனை சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா? முகம் பலூன்போல் ஆகிவிட்டது. – வாசகி, மதுரை

அளவு சரியானதுதான் அம்மா. முதல் தடவைக்கு எடை கிலோ ஒன்றுக்கு 2 மி.கி. வீதம் தினமும் 6 வாரம். 15 கிலோவுக்கு 30 மி.கி. பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் 6 வாரம்; அப்போது உங்கள் பேரனுக்கு 22.5 மி.கி. வரும். இடையில் ஒருநாள் விடுவது வளர்ச்சிக்கும் அட்ரினலுக்கும் மூச்சுவிட இடம் கொடுக்கத்தான். மறந்துபோய் விட்டதாக நினைத்து அந்த நாளிலும் கொடுத்துவிடாதீர்கள். காலண்டரில் கொடுக்கும் நாளை வட்டமிடுங்கள்.

இந்த நோயில் சிறுநீரகச் சல்லடை பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஓடிவிடுகிறது. கண்ணிமையில் தொடங்கும் வீக்கம் அதனால்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு தொடங்கி நான்கு வாரத்துக்குள் புரதக்கசிவு நின்றுவிடும். ஆனால் மறுபடி வருவது சகஜம். ஆகவே வீட்டில் ஒரு நோட்டும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும் வேண்டும். காலை முதல் சிறுநீரில் பட்டையை முக்கி எடுத்து, விளிம்பில் சொட்டும் துளியைத் தட்டிவிட்டு, டப்பாவில் சொன்ன நேரம், வழக்கமாக ஒரு நிமிடம், காத்திருங்கள். மஞ்சளாகவே நின்றால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏறப் புரதம் கூடுகிறது. டப்பாவின் நிறக்கட்டத்தோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது. வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். டப்பாவை இறுக மூடுங்கள், ஈரம் பட்டால் பட்டை பொய் சொல்லும்.

முக உப்பல் மருந்து குறையக் குறைய வடிந்துவிடும். பசி பேயாய் எடுக்கும்; பிஸ்கட், சிப்ஸ், அப்பளம், ஊறுகாய் கண்ணில் படாமல் வையுங்கள், வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறையுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இந்த அளவு ஓடும்போது போடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டு, உங்கள் பேரன் அதனோடு விளையாடியிருந்தால், கொப்புளம் கிளம்பட்டும் என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுக்க வழி உண்டு, ஆனால் அதற்குச் சில நாள்தான் அவகாசம். ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை சாதாரண நோய் அல்ல.

கேள்வி: ஸ்டீராய்டு ஆரம்பித்த பின் தாகமும் அடிக்கடி சிறுநீரும். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104 தான். பிறகென்ன? – வாசகர், வேலூர்

பார்த்த நேரம் தப்பு. காலை எட்டு மணிக்குப் போடும் பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலைவரைதான் சர்க்கரையை ஏற்றும். இரவில் இறங்கி, காலையில் நல்ல பிள்ளையாகக் காட்டும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை மருந்தைத்தான் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். இரவு மருந்தைத் தாங்களே கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார்கள். ஸ்டீராய்டு குறையும் ஒவ்வொரு படியிலும் சர்க்கரை மருந்தும் குறைய வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் போடுவது? கடையில் ‘இது இல்லை, அதே 4 மி.கி. வேறு இருக்கிறது’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, எட்டு மணி வாக்கில். உடம்பின் சொந்தக் கார்ட்டிசாலும் காலையில்தான் உச்சம். மாலையில் போட்டால் தூக்கம் போகும்.

மாற்றி வாங்கவே கூடாது. பிரெட்னிசோலோன் 5 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டிஃப்ளசாகார்ட் 6 மி.கி., ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி., டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. எல்லாம் ஒரே வலிமை. மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி.க்குப் பதில் டெக்சாமெத்தசோன் 4 மி.கி. வாங்கினால் ஐந்து மடங்குக்கு மேல் போகிறது. டிபி மருந்தான ரிஃபாம்பிசின் தினமும் சாப்பிடுபவர்களுக்கு வேறு சிக்கல்: அது ஸ்டீராய்டை ஈரலில் வேகமாக அழித்துவிடும், அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

கேள்வி: விவசாய வேலை செய்பவன். ஸ்டீராய்டு தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே, மலப் பரிசோதனை, புழு மாத்திரை என்று ஏன் அலைக்கழிக்கிறார்கள்? – வாசகர், கடலூர்

அலைக்கழிப்பு அல்ல, நல்ல வைத்தியம். நம் நாட்டில் பலரது நுரையீரலில் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. தினம் 15 மி.கி. ஒரு மாதம் போனால் அது விழித்துக்கொள்ளலாம். புழு விஷயம் இன்னும் கொடியது. வெறுங்காலில் ஈரமண்ணில் நடப்பவர்களின் பாதம் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழு, தொந்தரவே காட்டாமல் குடலில் பத்து, இருபது வருடம்கூடத் தங்கும். ஸ்டீராய்டு வந்ததும் அது பெருகி நுரையீரல், ரத்தம் என்று பரவலாம். அதற்குத்தான் ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரை.

கேள்வி: எனக்கு 28 வயது, லூபஸ் நோய் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்). ஒன்றரை வருடமாக ஸ்டீராய்டு. இப்போது 10 மி.கி. எப்போது விடுபடுவேன்? எலும்பு என்ன ஆகும்? குழந்தை பெற முடியுமா? – வாசகி, சென்னை

இறக்குவதில் முதல் பாதி வேகம், கடைசிப் பாதி நிதானம். 40 மி.கி.யிலிருந்து 20 வரை வாரம் அல்லது இரு வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. குறைக்கலாம், 20-லிருந்து 10 வரை 2.5 முதல் 5 மி.கி.; அதற்குக் கீழே மாதத்துக்கு ஒன்றிரண்டு மி.கி. ஏன் இந்த நிதானம்? 5 மி.கி.யை நெருங்கும்போதுதான் சொந்த அட்ரினல் கண்விழிக்க வேண்டும். அதற்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். கண்விழித்ததா என்று பார்க்கக் காலை எட்டு மணிக் கார்ட்டிசால் பரிசோதனை உண்டு. மருந்து போட்டு 24 மணி நேரமாவது கழித்து, அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மாத்திரையையே கார்ட்டிசால் என்று இயந்திரம் காட்டிவிடும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி தேறிவிட்டது. 5-க்குக் கீழே என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். லூபஸில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற துணை மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் ஸ்டீராய்டைக் குறைக்கும் ஏணி.

மூன்று மாதத்துக்கு மேல் போகிறதென்றால் எலும்பைக் கவனிக்க வேண்டும். உணவும் மாத்திரையும் சேர்த்துத் தினம் 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், வைட்டமின் டி; பால், தயிர், கேழ்வரகு, எள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுங்கள். இடுப்பு மடிப்பில் வலி வந்து, காலை உள்பக்கம் திருப்பினால் கூடினால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் நின்றுபோவது இளம் வயதினருக்கும் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கண்புரையும் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

குழந்தை பெறலாம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடுகிறது; பத்தில் ஒரு பங்குதான் குழந்தையைச் சேரும். டெக்சாமெத்தசோன் அப்படியல்ல, நேரே போய்விடும். உடன் சாப்பிடும் மற்ற மருந்துகளில் கர்ப்பத்துக்கு ஆகாதவை இருக்கலாம். அவற்றை மாற்றிவிட்டே திட்டமிடுங்கள்.

கேள்வி: தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோன் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். பல் பிடுங்க வேண்டும். அன்று மாத்திரையை விட்டுவிடவா? – வாசகர், திருநெல்வேலி

விடவே கூடாது. பல் மருத்துவரிடமும் மாத்திரை எழுதியவரிடமும் முன்பே சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசியில் ஒரு பல் என்றால் வழக்கமான அளவோ அன்று மட்டும் இரட்டிப்போ போதும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைசிகிச்சைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி வேண்டும். காய்ச்சலடிக்கும் நாட்களிலும் 5 மி.கி.க்குப் பதில் காலை 5, மாலை 5 என்று தேறும்வரை எடுக்கச் சொல்வார்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் இருக்காமல் ஊசிக்குப் போங்கள்.

மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது. ஒரு துண்டு அட்டையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி, மடக்கி, ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள்: ‘பிரெட்னிசோலோன் 5 மி.கி. தினமும், ஒரு வருடமாக. நிறுத்தக் கூடாது. மயக்கம், வாந்தி என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே தேவை.’ கீழே வீட்டுத் தொலைபேசி எண். அளவு மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றி எழுதுங்கள்.